கல்லின் பாரம்

கனடா தேசத்தின் வடகோடியில், மரம் என்பதே முளைக்காத தீவுகளிலும் கடற்கரைகளிலும், கிறிஸ்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகள் முன் தொடங்கி ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து, பிறகு அடியோடு மறைந்துபோன ஒரு ஜனசமூகத்தார், வால்ரஸ் தந்தத்தில் செதுக்கிவைத்த துருவக்கரடி உருவங்கள் சில இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. உள்ளங்கையில் அடங்கிவிடும் அந்த உருவத்தைக் கூர்ந்து பார்த்தால், கால்கள் பின்னோக்கியும் கழுத்து முன்னோக்கியும் நீண்டு, கரடி நீந்துகிறதா, ஆகாயத்தில் பறக்கிறதா என்று நிச்சயிக்க முடியாத ஒரு நிலை தெரியும். உடம்புக்குள்ளே முதுகெலும்பும் விலாவும் மூட்டுகளும் எங்கெங்கே இருக்கின்றனவோ அங்கங்கே மேற்புறத்தில் மெல்லிய கீறல்களால் எலும்புக்கூடு வரையப்பட்டிருக்கும். சிலவற்றில் தொண்டைப்புறம் ஒரு பிளவு வெட்டி, அதனுள் செங்காவிப் பொடியை வைத்து, சிறு மூடியும் இட்டிருப்பார்கள். வேட்டைக்குப் போகிறவனுக்கோ, ஆவிகளோடு பேசும் மாந்திரிகனுக்கோ உரிய ரக்ஷையாக அது இருந்திருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் அபிப்பிராயம். 1925-இல் டயமண்ட் ஜென்னஸ் என்ற மானிடவியல் அறிஞர், பாஃபின் தீவின் தென்முனையிலுள்ள கேப் டார்செட் என்னும் இடத்திலிருந்து வந்து சேர்ந்த பழம்பொருள்களை ஆராய்ந்து, இவை இன்று அப்பகுதியில் வாழும் இன்யூட் மக்களின் நேர் மூதாதையருடையவை அல்ல, வேறொரு பண்பாட்டைச் சேர்ந்தவை என்று நிறுவியதிலிருந்து, அந்த மறைந்த சமூகத்துக்கு டார்செட் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

அந்தக் கரடியை எந்த மேஜைமேலும் நிறுத்த முடியாது. அதற்குப் பீடம் கிடையாது. இதுதான் முன்பக்கம் என்று சொல்லும்படியான பக்கமும் கிடையாது. கையில் வைத்து, விரலால் தடவி, திருப்பித் திருப்பிப் பார்ப்பதற்காகவே அது பிறந்தது. வட துருவச் சிற்பத்தின் சரித்திரத்தை அறிய விரும்புகிறவர், அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டியை மறந்து, முதலில் இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. ஏனெனில் பின்னால் வந்த மாறுதல்கள் அனைத்தும், சிற்பத்தின் அளவும் எடையும் அந்த ஜனங்களின் ஜீவனத்தோடு எவ்விதம் பிணைந்திருந்தன என்பதிலிருந்தே விளங்குகின்றன.

இன்றைய இன்யூட் மக்களின் முன்னோர், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அலாஸ்காவிலிருந்து கிழக்கே பரவி வந்தவர்கள். பெரிய திமிங்கிலங்களையே தோற்படகில் துரத்தி வேட்டையாடிய இவர்கள் தங்கள் கைத்திறத்தைப் பெரும்பாலும் கருவிகளிலேயே செலவிட்டார்கள்: சீப்பு, ஊசிக்கூடு, எறியீட்டியின் முனை, பனியின் ஒளியால் கண் கூசாதிருக்க அணியும் கீற்றுக் கண்ணாடி ஆகியவற்றின் விளிம்புகளில் ஓடும் கோடுகளும் புள்ளிகளும் அத்தனை சுத்தமானவை. காரிபு மானைத் தேடி ஒரு பருவம் உள்நாட்டிலும், சீல் என்னும் கடல்நாயைத் தேடி ஒரு பருவம் உறைந்த கடலின் மேலும், குடும்பத்தையும் கூடாரத்தையும் நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில் ஏற்றிக்கொண்டு அலையும் ஜீவனத்தில், அவசியமற்ற ஒவ்வொரு ராத்தலும் நாய்களின் முதுகில் ஏறும் பாரமாகிவிடுமாகையால், குழந்தைக்குக் கொடுக்கும் தந்தப் பொம்மைகூட விரல்நுனி அளவோடு நின்றுவிட்டது. கல்லில் அவர்கள் சுமந்து திரிந்தவை முக்கியமாக இரண்டுதான்: சீலின் கொழுப்பை எரித்து வீட்டுக்கு வெளிச்சமும் உஷ்ணமும் தந்த அரைவட்ட விளக்கு, அதன்மேல் தொங்கி இறைச்சி வேகும் சட்டி. நம் சேலத்துப் பக்கத்தில் கல்சட்டி கடைகிறார்களே, அந்த மாக்கல்லின் இனமே அதுவும். தீயில் வெடிக்காமல் சூட்டை நெடுநேரம் பிடித்துவைக்கும் குணத்தை உலகத்தின் இரண்டு கோடிகளிலும் அடுப்படிப் பெண்கள் தாமாகவே கண்டறிந்திருக்கிறார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காத்லாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்த திமிங்கில வேட்டைக் கப்பல்காரர்கள், பனியில் சிக்கிய மாதங்களைக் கரையோரக் குடிகளோடு கழித்தபோது, தந்தத்தில் செதுக்கிய சிறு படகுகளையும் பிராணிகளையும், சீட்டாட்டக் கணக்குக்கு உதவும் துளைப்பலகைகளையும் வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஊசியும் புகையிலையும் கத்தியும் கொடுத்தார்கள். பாதிரிமாரும் வாங்கினார்கள். திமிங்கிலம் அருகியபின் ஹட்சன் விரிகுடாக் கம்பெனியார் கரையெங்கும் கடைகளை நிறுவி வெள்ளை நரித்தோலைக் கேட்க, வேட்டைக்காரர்கள் தம் ஆகாரத்துக்கான வேட்டையைக் குறைத்துக்கொண்டு நரிப்பொறிகளை நம்பி வாழத் தலைப்பட்டனர். துப்பாக்கி ரவை, மாவு, தேயிலை எல்லாமே கடையில் நரித்தோல் கணக்கில் வந்தன. ஐரோப்பிய நாகரிக உலகில் உடையின் மோஸ்தர் மாறியதும், இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் அந்தத் தோலின் விலை சரிந்தது. வெகுதொலைவுக்கு அப்பாலுள்ள நகரங்களில் யாரோ சிலர் கழுத்தில் நரித்தோல் அணிவதை நிறுத்தியதால், ஹட்சன் விரிகுடாவின் கரையில் குழந்தைகள் பட்டினி கிடந்தார்கள் என்பதை நினைக்கும்போது மனம் பதைக்கிறது.

இந்தத் தறுவாயில்தான், யுத்தத்தில் சேவை செய்து திரும்பிய ஜேம்ஸ் ஹூஸ்டன் என்ற இளம் ஓவியர், 1948-இல், அவசர சிகிச்சைக்காக வடக்கே புறப்பட்ட ஒரு சிறு விமானத்தில் இடம்பிடித்துக்கொண்டு, விரிகுடாவின் கீழ்க்கரையிலுள்ள இன்யூக்ஜுவாக் என்னும் குடியிருப்பில் போய் இறங்கினார். அங்கே அவர் ஜனங்களின் முகங்களை வரைந்து கொடுக்க, அதற்குப் பதிலாக ஒருவர் அவர் கையில் ஒரு சிறு காரிபு உருவத்தைத் திணித்தார். பழங்காலத்துப் பொருளோ என்று ஐயுற்ற ஹூஸ்டன், அது அப்போதுதான் செதுக்கப்பட்டது என்று தெரிந்து ஆச்சரியமுற்று, கிடைத்தவற்றை மான்ட்ரியலுக்கு எடுத்துச் சென்று கனடிய கைத்தொழில் சங்கத்தாரிடம் காட்டினார். சங்கத்தார் பணம் கொடுத்து மறுபடி அனுப்பினர். 1949 நவம்பரில் மான்ட்ரியலில் நடந்த விற்பனையில், அவர் சேகரித்துவந்த ஏறத்தாழ 1000 உருவங்களும் மூன்றே நாளில் விற்றுத் தீர்ந்தன. 1953-இல் லண்டனில் கிம்ப்பெல் ஃபில்ஸ் என்ற கலைக்கூடம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது. நரித்தோல் கொண்டுவந்த வேட்டைக்காரர்கள் அதே கடைக்குக் கல்லுருவங்களைக் கொண்டுவர, கணக்கர் அதே பேரேட்டில் அவற்றுக்கும் ரவையும் மாவும் எழுதிக் கொடுத்தார்.

இதைப் பற்றி இரண்டு விதமான பேச்சு வெகுகாலமாக வழங்கி வருகிறது. வியாபாரிகள், இது ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மாறாத பழங்கலை என்றார்கள். விமரிசகர் சிலர், அரசாங்கமும் ஓர் ஓவியரும் சேர்ந்து உல்லாசப் பிரயாணிகளுக்காக உண்டாக்கிய கைச்சரக்கு என்றார்கள். 1951-இல் ஹூஸ்டன் எழுதி அரசாங்கம் வடக்கே விநியோகித்த ஒரு சிறு கையேடு, இன்னின்ன உருவங்கள் விலைபோகும் என்று படம் போட்டுக் காட்டியது உண்மை. அதைப் பார்த்து, தாம் ஒருநாளும் உபயோகித்திராத வஸ்துக்களையும் சிலர் செதுக்கிக் கொண்டுவந்ததும் உண்மை. ஆனால் ஒரு சீலின் உடம்பு மூச்சுக்காகப் பனித்துளையருகே எவ்விதம் வளையும், காரிபு திடுக்கிட்டு நிற்கையில் எந்தக் காலில் அதன் பாரம் தங்கும் என்பவற்றைக் கையேடு கற்றுக்கொடுக்க முடியாது. அந்த ஞானம் பிராணியை மணிக்கணக்கில் அசையாமல் பார்த்துக் காத்திருந்து, பிறகு அதன் தோலை உரித்து, மூட்டு மூட்டாக அறுத்துப் பங்கிட்டவனுக்கே உரியது. தொழில் புதியது, கண் பழையது என்று சொல்வதே நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கல்லை எடுப்பதே ஒரு பெரும் பிரயாணம். கோடையில் பனி விலகியதும் படகேறி, கேப் டார்செட்டுக்காரர்கள் கிழக்கே பல நாழிகைத் தொலைவிலுள்ள கடற்கழிகளுக்குப் போய், கடற்கரைப் பாறையில் பச்சை ஓடும் செர்ப்பன்டைன் கல்லைக் கடப்பாரையாலும் ஆப்பாலும் பெயர்த்து, ஏற்ற இறக்கம் பார்த்துப் படகில் ஏற்றி வருவார்கள்; வெடிமருந்து வைத்தால் சீக்கிரம் பெயரும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே ஓடி, வேலை முடியும் தறுவாயில் உருவம் இரண்டாகிவிடும். ஆதலால் சிற்பி முதலில் கல்லைத் தட்டிக் காதால் கேட்கிறான். ஓசை கலங்கினால் அந்தக் கல்லை ஒதுக்கிவிடுகிறான். முற்காலத்தில் தந்தத்தைத் துளைக்க, ஒரு முனையைப் பல்லால் கவ்விக்கொண்டு வில்லால் சுழற்றும் தமரூசி இருந்தது. கல்லுக்குக் கைக்கோடரி வந்தது. கோடரியால் மேல்தோலைச் சீவி வடிவம் திரட்டி, உளியால் இடைவெளிகளை வாங்கி, முரட்டு அரம், மெல்லரம் என்று வரிசையாகத் தேய்த்து, கடைசியில் தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால் நாள்முழுதும் இழைக்கும்போதுதான், அதுவரை சாம்பல் பூத்துக் கிடந்த கல்லுக்குள்ளிருந்து கரும்பச்சையும் மஞ்சள் நரம்பும் தெரியவரும். தூசுக்குப் பயந்து இந்த வேலை பெரும்பாலும் வெளியிலேயே, காற்று மறைவில், குளிர்காலத்திலும் நடக்கிறது. 1970-களுக்குப் பின் மின்சாரத்தால் சுழலும் அறுவைச்சக்கரம் பரவியதிலிருந்து வேலை விரைவாயிற்று. நுரையீரலைக் கெடுக்கும் தூசும் பன்மடங்காயிற்று.

கல் அதற்குள் பெரிதாகியிருந்தது. 1950-களிலும் 60-களிலும் அரசாங்கத்தார் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, உதவித்தொகை ஆகியவற்றைக் காட்டியும், சில சமயம் வற்புறுத்தியும், சிதறி வாழ்ந்த குடிகளைப் பலகை வீடுகள் கொண்ட கிராமங்களில் சேர்த்தனர். இன்யூக்ஜுவாக்கிலிருந்தே 1953-இலும் 1955-இலும் சில குடும்பங்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோமீட்டர் வடக்கே, குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியன் உதிக்காத தீவுகளுக்குக் கொண்டுபோகப்பட்டன. அதற்காகக் கனடா அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 2010-இல்தான். க்ஷயரோகம் பரவி, 1956 அளவில் அந்த ஜனத்தொகையில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் தென்னாட்டு ஆஸ்பத்திரிகளில் கிடந்தனர். ஹாமில்டன் நகரத்து மருத்துவமனையில் படுக்கையில் இருந்தபடியே கல் செதுக்கியவர்களின் உருவங்கள் இன்றும் இருக்கின்றன. வண்டியும் நாய்களும் ஓய்ந்தன. தூக்கிச் செல்ல வேண்டாதபடியால் கல்லுக்கு அடிப்புறம் தட்டையாயிற்று, பீடம் வந்தது, உருவம் முழ உயரமும் அதற்கு மேலும் வளர்ந்தது. கையில் திருப்பிப் பார்த்த பொருள் எதிரே நிறுத்திப் பார்க்கும் பொருளாயிற்று. அலைந்து திரியும் சுதந்திரத்தை இழந்ததன் அடையாளம் அந்தக் கல்லின் எடையிலேயே இருக்கிறது என்பதைப் பாராட்டுரை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

ஜான் டிக்டாக் என்ற மகாசிற்பியின் வாழ்க்கையில் இந்தச் சரித்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. 1916-இல் ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரையில் ஒரு சிறு வேட்டை முகாமில் பிறந்து, நாற்பது வயது வரை வேட்டையும் பொறிவைப்புமாகவே வாழ்ந்த அவர், நரியும் காரிபும் கைவிட்ட காலத்தில், ராங்கின் இன்லெட் என்னும் இடத்தில் திறக்கப்பட்டிருந்த நிக்கல் சுரங்கத்துக்குக் கூலி வேலைக்குப் போனார். திறந்த வெளியில் வானத்தையும் காற்றையும் பார்த்து வழி அறிந்தவர்கள் பூமிக்கடியில் மணியடித்தால் இறங்கி மணியடித்தால் ஏறும் ஜீவனத்துக்கு வந்தார்கள். சுரங்கத்தில் காயமுற்று டிக்டாக் வேலையை இழந்தார். 1957-இல் தொடங்கிய அந்தச் சுரங்கமும் 1962-இல் மூடப்பட்டு, சம்பளத்தை நம்பி வந்த குடும்பங்கள் அத்தனையும் நடுக்கரையில் நின்றன. அரசாங்கம் அங்கே மண்பாண்டமும் கல்வேலையும் சேர்ந்த ஒரு கைத்தொழில் திட்டத்தைத் தொடங்கியது. டிக்டாக் முழுமூச்சாகச் சிற்பியானது அக்காலத்திலேதான்.

அந்தக் கரையின் கல் பாஃபின் தீவின் கல்லைப்போல் இணங்கி வருவதன்று. சாம்பலும் கருமையுமான கடினக் கல், நுணுக்கத்துக்கு இடம் கொடாது. விரலையும் நகத்தையும் உடைமடிப்பையும் செதுக்க முயன்றால் தெறித்துப் போகும். டிக்டாக் அந்தப் பிடிவாதத்தோடு சண்டையிடவில்லை. அவர் செதுக்கிய தாயும் சேயும் உருவத்தில் தாயின் முதுகிலிருந்து குழந்தை எங்கே பிரிகிறது என்று சொல்ல முடியாது. இன்யூட் தாய்மார் அணியும் தோலங்கியின் முதுகுப்புறப் பையில் குழந்தை புகுந்திருக்க, இரண்டு தலைகளும் ஒரே திரட்சியிலிருந்து எழும்பி நிற்கும். கண்ணும் வாயும் வெறும் பள்ளங்கள். கைக்கும் இடுப்புக்கும் நடுவே ஒரு துவாரம் மட்டும் கல்லை ஊடுருவிப் போயிருக்கும். அந்தத் துவாரத்தின் வழியே வெளிச்சம் வந்தவுடன், கனத்துக் கிடந்த கல் மூச்சுவிடத் தொடங்கிவிடுகிறது. மானிட்டோபா சர்வகலாசாலையின் பேராசிரியரும் ஓவியருமான ஜார்ஜ் ஸ்விண்டன் இவருடைய மேன்மையை உலகுக்கு உரைத்தவர்களில் முதன்மையானவர். 1970-இல் அந்தச் சர்வகலாசாலையில் டிக்டாக்கின் சிற்பங்கள் மட்டுமே தனியே காட்சிக்கு வைக்கப்பட்டன. இன்யூட் சிற்பி ஒருவருக்கு நடந்த முதல் தனிக்காட்சிகளுள் அதுவும் ஒன்று. 1973-இல் கனடாவின் ராயல் கலைக்கழகம் அவரை அங்கத்தினராக்கியது. 1981-இல் காலமானார்.

எதிர்க்கரையில் புவிர்னிடுக் கிராமத்தில் வாழ்ந்த ஜோ டாலிருனிலி வேறு ஜாதிச் சிற்பி. அவர் குழந்தையாக இருந்தபோது, பல குடும்பங்கள் தங்கியிருந்த பனிப்பாளம் கரையிலிருந்து முறிந்து கடலில் மிதந்துபோக, அவர்கள் தங்கள் சறுக்குவண்டிகளின் மரத்தைப் பிரித்துக் கட்டி, சீல்தோலைப் போர்த்தி, பனிமேலேயே ஒரு படகைச் செய்து தப்பினார்கள். முதுமையில் அந்தப் படகை அவர் மறுபடி மறுபடி செதுக்கினார். கல்லோடத்தில் கல்மனிதர் நெருங்கி உட்கார்ந்திருக்க, சிறு சிறு துடுப்புகளும் தோற்கயிறும் பாயும் தனித்தனியே பொருத்தப்பட்டிருக்கும். முகங்கள் கரடுமுரடானவை, உடைந்த இடங்களை ஒட்டவைத்திருப்பார், வழுவழுப்பை விரும்பும் கண்ணுக்கு அது பிடிக்காமல் போகலாம். எனக்கோ, அத்தனை பேரும் ஒரே திக்கை நோக்கும் அந்தப் பார்வையைவிட உயர்ந்த சிருஷ்டி வடநாட்டுச் சிற்பத்தில் அதிகமில்லை என்றே தோன்றுகிறது. சில படகுகளோடு, அதிலிருந்தவர்களின் பெயர்களை எழுதிய தாளையும் அவர் சேர்த்துவைத்தார். 1976-இல் அவர் இறந்தார்.

கேப் டார்செட்டில் ஒசுயிடோக் இபீலி ஓங்கி நின்றார். கொம்பு கனத்த காரிபை மயிரிழைபோன்ற கால்களில் நிறுத்தும் துணிச்சல் அவருக்கு இருந்தது; வடமேற்குப் பிரதேச சபைக்காக 1950-களின் நடுவில் நார்வால் திமிங்கிலத்தின் நெடுந்தந்தத்தைக் கொண்டு செய்யப்பட்ட செங்கோலிலும் அவர் கை உண்டு. சிகரெட் பெட்டிகளின்மேல் ஒரே மாலுமியின் தலை சிறிதும் பிசகாமல் அச்சாகியிருப்பதைக் கண்டு அவர் வியந்து கேட்க, ஹூஸ்டன் அவர் கீறிவைத்திருந்த தந்தத்திலேயே மையைத் தடவி மெல்லிய தாளை ஒற்றி எடுத்துக் காட்டியதிலிருந்துதான் அவ்வூரின் அச்சோவியக் கலை பிறந்தது என்று ஹூஸ்டனே எழுதிவைத்திருக்கிறார். 1959-இல் அங்கே மேற்கு பாஃபின் எஸ்கிமோ கூட்டுறவுச் சங்கம் ஸ்தாபிதமாயிற்று. கம்பெனிக் கடையில் விலை கேட்டு நின்றவர்கள் தங்கள் சங்கத்துக்குத் தாங்களே அங்கத்தினராகி, லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளத் தொடங்கியது, என் மதிப்பில், எந்தக் கண்காட்சியையும்விடப் பெரிய சம்பவம்.

1971 முதல் 1973 வரை ஏறத்தாழ 400 சிற்பங்கள் வான்கூவர், பாரிஸ், மாஸ்கோ, லெனின்கிராட், லண்டன் முதலிய நகரங்களைச் சுற்றிவந்தன. 1972-இல் அமெரிக்கா கடற்பிராணிகளைக் காக்கச் சட்டம் இயற்றி வால்ரஸ் தந்தமும் திமிங்கில எலும்பும் நாட்டுக்குள் வருவதைத் தடுத்தபோது, பழைய திமிங்கில எலும்பில் அபூர்வமான ஆவியுருவங்களைச் செய்துவந்தவர்களின் சந்தை குறுகியது. அந்த எலும்பில் ஒப்பற்றவரான கரூ அஷேவாக் 1974-இல் வீடு தீப்பற்றியதில் மனைவியோடு மாண்டபோது அவருக்கு முப்பத்துநான்கு வயதுகூட நிரம்பியிருந்ததோ என்னவோ. சில ஆண்டுகளே வேலை செய்தவர்.

1999 ஏப்ரல் 1-இல் நுனாவுட் என்னும் தனிப் பிரதேசம் உதயமாயிற்று; 2020-இல் கேப் டார்செட் தன் சொந்தப் பெயரான கின்கைட் என்பதையே அதிகாரபூர்வமாக ஏற்றது. 2021-இல் வின்னிபெக் நகரத்துக் கலைக்கூடம் கவுமாயுக் என்ற மாளிகையைத் திறந்து, மூன்று மாடி உயரக் கண்ணாடிக் களஞ்சியத்தில் ஆயிரக்கணக்கான சிற்பங்களைத் தெருவிலிருந்தே பார்க்கும்படி அடுக்கியிருக்கிறது. போலிகளிலிருந்து காப்பதற்காக 1958-இல் அரசாங்கம் ஏற்படுத்திய இக்ளூ முத்திரைச் சீட்டை வழங்கும் அதிகாரம் 2017-இல் இன்யூட் கலை அறக்கட்டளையின் கைக்கு வந்தது.

செய்து முடியாத காரியம் ஒன்று பெயர்களைப் பற்றியது. குடும்பப்பெயர் வழக்கம் இல்லாத அந்த ஜனங்களை அடையாளம் காண, 1940-களில் அரசாங்கம் ஆளுக்கொரு வில்லையைக் கழுத்தில் மாட்டக் கொடுத்தது. கிழக்குப் பகுதியாருக்கு ‘ஈ’ என்ற எழுத்தும் ஓர் எண்ணும். 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இன்யூட் தலைவர் ஏப் ஓக்பிக் கிராமம் கிராமமாகப் போய்க் குடும்பப்பெயர்களைப் பதிந்து தரும் வரை, பல சிற்பிகள் தங்கள் படைப்பின் அடியில் அந்த எண்ணையே கீறினார்கள். மிகப் பலர் எதையுமே கீறவில்லை. 1949-இல் மூன்றே நாளில் விற்றுப்போன கூட்டத்தைச் சேர்ந்தவையும், அதற்கடுத்த பத்தாண்டுகளில் தெற்கே சென்றவையுமான எத்தனையோ உருவங்கள், சிற்பி இன்னார் என்று தெரியாத சீட்டோடு இன்றும் அலமாரிகளில் இருக்கின்றன. பழைய கடைப் பேரேடுகளோடு எண்களை ஒப்பிட்டும், புகைப்படங்களை வடக்கே கொண்டுபோய் முதியவர்களிடம் காட்டியும் அந்தப் பெயர்களைத் தேட வேண்டியிருக்கிறது. இது என் தகப்பனாரின் அரம் ஓடிய விதம், அவர் சீலின் கழுத்தை இப்படித்தான் வளைப்பார் என்று சொல்லக்கூடியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்களாகையால், அந்த வேலை தாமதிக்கக் கூடியதன்று.